மூன்றும் நான்கும் ஏழு: புராஸ்டேட் புற்றுநோயோடு என் மூன்று ஆண்டுகள்

2022 ஜூலை மாதத்தில் ஒரு மாலை, திருச்சியில் என் மகள் வீட்டில், மேசைமேல் இருந்த மருத்துவமனைக் கோப்பை நானே பிரித்துப் படித்தேன். முந்தைய நாள் மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்த மகள், "ஒன்றுமில்லை அப்பா, சுரப்பியில் கொஞ்சம் வீக்கம் இருக்கிறதாம், சரியாகிவிடும்" என்று சொல்லியிருந்தாள். ஆனால் அந்தத் தாளில் சுரப்பித் திசுவில் வரும் புற்றைக் குறிக்கும் 'அடினோகார்சினோமா' என்ற சொல்லும் அதற்கருகே 4+3=7 என்ற கணக்கும் இருந்தன. நான் நில அளவைத் துறையில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். புலப்படத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால், அது எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு அளந்தது என்று கேட்காமல் விட்டதில்லை. என் உடம்பைப் பற்றிய அந்த எண்ணுக்கோ எனக்குப் பொருள் தெரியவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் மட்டும் புரிந்தன.

மகள்மீது எனக்குக் கோபம் வந்தது. அவள் அழுததைப் பார்த்ததும் தணிந்தது. நம் வீடுகளில் பெரியவர்களுக்குப் புற்றுநோய் என்றால் அந்தச் சொல்லை அவர்கள் காதில் விழாமல் காப்பதே அன்பு என்று வைத்திருக்கிறோம். என் தந்தைக்கு இரைப்பையில் புற்று வந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் என்ற சுரப்பியில் வரும் புற்றுநோயில் இந்த மறைப்பு நோயாளிக்குப் பெரிய இழப்பை உண்டாக்கிவிடும் என்பதை அடுத்த சில வாரங்களில் நான் கண்டுகொண்டேன். சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் நோய்க்கு ஏறத்தாழ ஒரே பலன் தரும் இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன. அவை தரும் துன்பங்கள்தான் வெவ்வேறானவை. சிறுநீர் கசிவதைத் தாங்க முடியுமா, மலக்குடலில் எரிச்சலைத் தாங்க முடியுமா, தாம்பத்திய உறவு இல்லாமல் போவதை ஏற்க முடியுமா என்பதற்கெல்லாம் அந்த உடம்பில் வாழ்கிறவர்தான் பதில் சொல்ல முடியும்.

இந்தக் கதை கும்பகோணத்தில் 2019 டிசம்பரில் தொடங்கியது. இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது, வேகமும் குறைந்திருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், வயதானால் வரும் சாதாரண வீக்கம் என்றார். புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. சோதனையில் அப்போது என் அளவு 2.9. டாம்சுலோசின், டூடாஸ்டெரைடு ஆகிய இரண்டும் சேர்ந்த மாத்திரையைத் தினமும் இரவில் சாப்பிடச் சொன்னார். தொந்தரவு குறைந்தது, நானும் மாத்திரையை விடாமல் தொடர்ந்தேன். கொரோனாக் காலத்தில் பரிசோதனைக்குப் போகவில்லை. 2022 ஏப்ரலில் மீண்டும் பார்த்தபோது பி.எஸ்.ஏ. 3.4 என்று வந்தது. 4-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று ஆய்வகத் தாளிலேயே அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்தவர்களும் அப்படியே சொல்லி அனுப்பினார்கள்.

மே மாதம் பேரனின் பிறந்தநாளுக்குத் திருச்சிக்குப் போனவன், வேறு காரணத்துக்காக ஒரு சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்க நேர்ந்தது. அவர் என் மருந்துச் சீட்டைக் கையில் எடுத்து, "ஐயா, இந்த மாத்திரையை எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். இரண்டரை ஆண்டு என்றேன். டூடாஸ்டெரைடும் அதன் இனத்தைச் சேர்ந்த ஃபினாஸ்டெரைடும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும் என்றும், அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். என் 2.9 இந்நேரம் 1.5-ஐ ஒட்டி இறங்கியிருக்க வேண்டும், இறங்காமல் 3.4-க்கு ஏறியிருக்கிறது என்றால் உண்மையான அளவு 6.8 என்று பொருள். தலைமுடி உதிராமல் இருக்க இளைஞர்கள் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடு குறைந்த அளவு மாத்திரைகூட இதே வேலையைச் செய்யும் என்றார். நான் இதை எழுத முன்வந்ததற்கு இந்த ஒரு செய்தியே போதுமான காரணம். என் வயதுடைய ஆண்களில் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர் பலர். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, 4-க்குக் கீழே இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

அந்த எண் கூடியிருந்தாலே புற்றுநோய் என்றும் முடிவு கட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சாதாரண வீக்கம், அண்மையில் சிறுநீர் வடிய டியூப் போட்டிருப்பது, முந்தைய ஓரிரு நாட்களில் விந்து வெளியேறியிருப்பது, நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டியிருப்பது ஆகியவற்றாலும் அது ஏறலாம். அதனால் தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சில வாரங்கள் கழித்து அதே ஆய்வகத்தில் மீண்டும் பார்த்தோம். எண் மாறவில்லை. ஊசியால் திசுத் துண்டுகளை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஊசி குத்திய பிறகு எடுத்தால் உள்ளே கட்டியிருக்கும் இரத்தம் படத்தைக் குழப்பும் என்பதும், எம்.ஆர்.ஐ.யில் சந்தேக இடம் தெரிந்தால் ஊசியை அங்கேயே குறிவைக்கலாம் என்பதும் காரணம். என் படத்தில் இடது பக்கத்தில் 11 மில்லிமீட்டர் அளவில் ஓர் இடம் தெரிந்தது. ஐந்து வரை செல்லும் பைராட்ஸ் என்ற வரிசையில் அதற்கு 4 கொடுத்திருந்தார்கள். புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று அதற்குப் பொருள்.

பயாப்சி வலி தாங்க முடியாத ஒன்றல்ல. மரத்துப்போகும் ஊசி போட்டு, மலக்குடல் வழியாகக் கருவியைச் செலுத்தி, 14 துண்டுகள் எடுத்தார்கள். சில நாட்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்திலும் இரத்தம் கலந்து வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் குளிர்க்காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. மலக்குடல் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம் என்பதால் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரைப்பைக்கும் மலத்துவாரத்துக்கும் இடையிலுள்ள தோல் வழியாக ஊசி செலுத்தும் முறையில் இந்தத் தொற்றுக்கு வாய்ப்பு குறைவு. அது கிடைக்கும் இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது அந்த 4+3-க்கு வருகிறேன். 1960-களில் டொனால்டு கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்கூற்று மருத்துவர் வகுத்த முறை அது. நுண்ணோக்கியில் புற்றுத் திசுவின் அமைப்பு இயல்பான சுரப்பியை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்து எண் கொடுக்கிறார்கள்; இன்றைய வழக்கில் 3 என்பது ஓரளவு ஒழுங்கான அமைப்பு, 5 என்பது முற்றிலும் சிதைந்த அமைப்பு. அதிகமாகக் காணப்படும் அமைப்பின் எண்ணை முதலிலும் அடுத்ததை இரண்டாவதாகவும் எழுதிக் கூட்டுகிறார்கள். பயாப்சியில் 6 என்பதே நடைமுறையில் மிகக் குறைந்த கூட்டுத்தொகை என்பதால், பத்துக்கு ஆறா என்று அஞ்சத் தேவையில்லை. அதைவிட முக்கியமானது, 3+4 வேறு, 4+3 வேறு என்பது. கூட்டினால் இரண்டும் ஏழுதான். ஆனால் முன்னதில் மெதுவாக வளரும் பகுதி மிகுதி, பின்னதில் வேகமான பகுதி மிகுதி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே இப்போது அறிக்கைகளில் 1 முதல் 5 வரையிலான தொகுதி எண்ணையும் சேர்த்து எழுதுகிறார்கள்: 3+4 இரண்டாம் தொகுதி, 4+3 மூன்றாம் தொகுதி.

என் முதல் அறிக்கை மூன்றாம் தொகுதி என்றது. அதை எழுதிய மருத்துவமனையிலேயே, 'பத்து நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்துவிடுவது நல்லது' என்றார்கள். அந்த அவசரம்தான் என் மகளைக் கலங்கடித்தது. நான் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இந்த நோய் பெரும்பாலும் மெதுவாக நகர்வது என்பதால், நடுத்தர நிலையில் இருப்பவர் சில வாரங்கள் எடுத்துக்கொண்டு விசாரிப்பதால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை என்று திருச்சி மருத்துவரும் உறுதி சொன்னார். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து, கண்ணாடிச் சில்லுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் வாங்கினோம். அவற்றை நோயாளி கேட்டுப் பெறலாம். பலர் காகித அறிக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். சென்னையில் புராஸ்டேட் திசுக்களை நிறையப் பார்த்துப் பழகிய ஒருவரிடம் மறுபார்வைக்கு அனுப்பினோம். 14 துண்டுகளில் 5-இல் புற்று, அதில் நான்காம் அமைப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு, ஆகவே 3+4, இரண்டாம் தொகுதி என்று பதில் வந்தது. முன்னவர் கவனக்குறைவாக எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லையில் நிற்கும் திசுவை இருவர் இருவிதமாகப் படிப்பது நடக்கக்கூடியதே. ஆனால் அந்த மாற்றத்தால் என் சிகிச்சையிலிருந்து ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசி ஒன்று முழுதாக நீங்கியது. மூன்றாம் தொகுதியாக இருந்திருந்தால் கதிர்வீச்சோடு நான்கு முதல் ஆறு மாதம் அந்த ஊசியையும் சேர்த்திருப்பார்கள். முதல் அறிக்கையை நம்பி ஏற்கெனவே எடுத்திருந்த, புராஸ்டேட் புற்று உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனிலும் நோய் சுரப்பியைத் தாண்டவில்லை என்று தெரிந்தது.

பிறகு நான் செய்த ஒரு காரியத்தை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்: அறுவை மருத்துவரையும் கதிர்வீச்சு மருத்துவரையும் தனித்தனியே பார்த்து, ஒரே கேள்விகளைக் கேட்டேன். இருவருமே நேர்மையானவர்கள், எனினும் ஒவ்வொருவரும் தம் கையில் உள்ள கருவியை முதலில் சொல்வது இயற்கை.

அறுவை மருத்துவர், சுரப்பி முழுவதையும் விந்துப் பைகளோடு எடுத்துவிடுவதாகச் சொன்னார். வெளியே எடுத்ததைச் சோதித்தால் நோயின் உண்மையான அளவு தெரிந்துவிடும், பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். பின்னால் மீண்டும் தலைகாட்டினால் கதிர்வீச்சு என்ற வழி மிச்சமிருக்கும். கதிர்வீச்சுக்குப் பிறகு அறுவை செய்வது கடினம். மறுபக்கம், ஒன்று இரண்டு வாரம் டியூப்போடு இருக்க வேண்டும். அதை எடுத்த பிறகு சில மாதங்கள் இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் கசியும். பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும், சிலருக்கு நிலைத்துவிடும். ஆண்மைக்குறைவும் வரலாம், நரம்புகளைக் காப்பாற்ற முயன்றாலும் உறுதி தர முடியாது என்றார். ரோபோவா, திறந்த முறையா என்று கேட்டேன். இரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நாளும் ரோபோவில் குறைவு, ஆனால் கசிவையும் நோயைக் கட்டுப்படுத்துவதையும் பொறுத்தவரை செய்கிறவரின் அனுபவமே பெரிது என்று அவரே சொன்னது எனக்கு மதிப்பைக் கூட்டியது. அறுவைக்குப் போகிறவர்கள், சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் சிகிச்சைக்குப் பிறகு தொடங்காமல் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

கதிர்வீச்சு மருத்துவர் மூன்றாவதாக ஒரு வழியையும் எடுத்து வைத்தார்: எதுவும் செய்யாமல், ஆனால் கண்காணிப்பை விடாமல் இருப்பது. ஆறு மாதத்துக்கொரு முறை பி.எஸ்.ஏ., குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ., மறுபயாப்சி என்று பார்த்துக்கொண்டே இருந்து, நோய் நகர்ந்தால் மட்டும் சிகிச்சை தருவது. 6 என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே முதல் பரிந்துரை. பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கித் தொடர்ந்து பார்த்த புரோடெக்ட் என்ற ஆய்வின் 15 ஆண்டு முடிவு பின்னால் 2023-இல் வெளிவந்தபோது, அவர் எனக்கு அதை அனுப்பினார். மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 100-க்கு 3 பேர்தான். ஆனால் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியது, சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 5 பேர் அளவிலும், கண்காணிப்பில் இருந்தவர்களில் 9 பேருக்கு மேலும் இருந்தது. அவர்களெல்லாம் அறிகுறி வருமுன் பரிசோதனையில் பிடிபட்டவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எனக்கு 2018-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. நீண்ட நேர மயக்க மருந்து எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. 30 விழுக்காடு நான்காம் அமைப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கும் மனத்துணிவும் எனக்கு இல்லை. கதிர்வீச்சைத் தேர்ந்தேன். அதற்கு முன் ஒரு பேச்சு பாக்கியிருந்தது. மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நானும் என் மனைவியும் மருத்துவர் முன் உட்கார்ந்தோம். 38 ஆண்டு இல்லறத்தில் நாங்கள் வாய்விட்டுப் பேசாத விஷயத்தை அவரே மெதுவாகத் தொடங்கினார். கதிர்வீச்சில் உறவு உடனே பாதிக்கப்படாது, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகக் குறையலாம், மாத்திரைகள் ஓரளவு உதவும், ஆனால் இதய மருந்தில் நைட்ரேட் வகை இருந்தால் அவற்றைத் தொடவே கூடாது என்றார். வெளியே வரும்போது என் மனைவி, "நீங்க இருந்தாப் போதுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பேச்சு நடக்காமல் சிகிச்சை தொடங்கியிருந்தால், பின்னால் வந்த மாற்றங்களை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் இந்தச் சிகிச்சையில் சூடோ வலியோ எதுவும் தெரியாது. எனக்கு 20 முறை, வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரம். முன்பெல்லாம் எட்டு வாரம் வரை நீண்டது. ஒவ்வொரு முறையும் கொடுக்கும் அளவைச் சற்றுக் கூட்டி நாட்களைக் குறைப்பதாலும் அதே பலன் கிடைக்கிறது என்று 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டிய பிறகு இந்த முறை பரவலாகியிருக்கிறது. எட்டு வாரம்தான் என்று யாராவது சொன்னால், குறுகிய முறை தமக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். தினமும் செய்ய வேண்டிய முக்கியமான வேலை நோயாளியிடமே இருக்கிறது: மலம் கழித்து மலக்குடல் காலியாக இருக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் காத்திருப்பேன். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடல் கதிரின் பாதையிலிருந்து விலகுகிறது. மலக்குடலில் வாயு சேர்ந்தால் சுரப்பி இடம்பெயர்ந்து குறி தவறுகிறது. அதற்காக அந்த நான்கு வாரமும் மொச்சை, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எதையும் தொடவில்லை. ஒருநாள் மலக்குடலில் வாயு இருக்கிறதென்று படுக்கையிலிருந்து இறக்கி, நடக்கவிட்டு, மீண்டும் ஏற்றினார்கள். எரிச்சல் வந்தது, ஆனால் அந்த அக்கறைதான் என் மலக்குடலைக் காத்தது.

மூன்றாம் வாரத்திலிருந்து சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் அடக்க முடியாத அவசரமும் இருந்தன. முடிந்து ஒன்றரை மாதத்தில் அடங்கின. ஓராண்டு கழித்து மலத்தோடு ஓரிரு முறை இரத்தம் வந்தது. குடல்நோய் மருத்துவரிடம் போகுமுன், கதிர்வீச்சு பெற்றவன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லும்படி என் மருத்துவர் கட்டளையிட்டிருந்தார். கதிர்பட்ட மலக்குடலின் முன்சுவரில் தேவையில்லாமல் துண்டு எடுத்தால் அது ஆறாப் புண்ணாகிவிடக்கூடும். என் புண் மருந்திலேயே ஆறியது.

இத்தனையும் எனக்கு வாய்த்தது நோய் சுரப்பிக்குள் இருந்ததால்தான். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, இதே நோயைச் சுமந்து என்னைவிட முன்பே நடந்தவர். அவருடைய முதுகுவலிக்கு எட்டு மாதம் தேய்மானம் என்று எண்ணெயும் பெல்ட்டும் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தபோது பி.எஸ்.ஏ. 400-ஐத் தாண்டியிருந்தது, எலும்புகளில் பரவியிருந்தது. அந்நிலையில் அறுவையால் சுரப்பியை எடுத்துக் குணமாக்குவது என்ற பேச்சில்லை. நோய்க்கு உணவாகும் ஆண் ஹார்மோனை நிறுத்துவதே அடிப்படைச் சிகிச்சை. இதை 1941-இல் கண்டு காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹார்மோனை மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்துக்கொரு முறை ஊசியால் நிறுத்தலாம். இல்லையேல் விரைகளை நீக்கும் சிறு அறுவையால் ஒரேயடியாக நிறுத்தலாம். தொடர்ந்து ஊசி போட வசதியில்லாததாலும், ஊருக்கு வந்துபோவது இயலாததாலும் அண்ணன் அறுவையைத் தேர்ந்தார். அதோடு அபிராடெரோன் மாத்திரை நான்கை வெறும் வயிற்றில், பிரட்னிசோலோனுடன் சாப்பிட்டார். சில மாதங்களில் பி.எஸ்.ஏ. 1-க்குக் கீழே வந்தது. கட்டிலில் கிடந்தவர் காவிரிக்கரை வரை நடந்தார். உடம்பு திடீரென்று தீப்பற்றியதுபோல் வியர்க்கும் என்பார், தசை மெலிந்தது, எலும்பு பலமிழக்காமல் இருக்கக் கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்துக்கொண்டார். மூன்றரை ஆண்டு நன்றாகவே வாழ்ந்தார். இப்படி எலும்பில் பரவியவருக்குக் கால்கள் திடீரென்று வலுவிழந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் நடை திரும்பாமலே போகலாம். நல்ல நாள் பார்த்துப் போகும் காரியமல்ல அது.

என் பி.எஸ்.ஏ. மெல்ல மெல்லத்தான் இறங்கியது. அறுவை செய்தவர்களுக்குப் போல் ஒரேயடியாக விழாது என்று சொல்லியிருந்தும் ஒவ்வொரு முறையும் அறிக்கை வரும்வரை தூக்கம் வராது. 1.6, 0.9, 0.6 என்று வந்துகொண்டிருந்தது, ஒன்றரை ஆண்டு ஆனபோது 0.9-க்கு ஏறியது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் உண்ணாமல் கிடந்தேன். மகளிடம் மறைக்காதே என்று சொன்னவன் நானே மறைத்தேன். கதிர்வீச்சுக்குப் பிறகு இப்படி ஒரு சிறு துள்ளல் வருவது இயல்பே என்றும், மிகக் குறைந்த அளவைவிட 2 கூடினால்தான் மீண்டும் வந்ததாகக் கொள்வார்கள் என்றும், அறுவை செய்தவருக்கு அந்த எல்லை வெறும் 0.2 என்றும் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அடுத்த முறை 0.4 வந்தது. இப்போது ஆறு மாதத்துக்கொரு முறை, அதே ஆய்வகத்தில் மட்டும் பார்க்கிறேன்.

என் உடன்பிறந்த தம்பிகள் இருவரையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். அண்ணன் தம்பிக்கோ தந்தைக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. சின்னவன் உடனே போய்ப் பார்த்தான், 0.8. பெரியவன் ஓராண்டு தட்டிக்கழித்துவிட்டு, போன பங்குனியில் மாயவரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, 2.7-தான், நார்மல்னு போட்டிருக்கு" என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். நான் அவனிடம், ராத்திரியில் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், அட்டையை எடுத்துப் பெயரைப் படி என்றேன்.